தப்பியோடிய கைதி எங்கே போயிருப்பான்? தேடுதல் வேட்டையின்போது எல்லோரும் கேட்கும் கேள்விகள்

ஒரு கைதி சிறையிலிருந்து தப்பிவிட்டான் என்று செய்தி வந்தால் போதும், ஆளாளுக்கு ஒரு கதை சொல்ல ஆரம்பித்துவிடுகிறோம். எல்லை தாண்டியிருப்பான், முகத்தையே மாற்றியிருப்பான், யாரோ பெரிய இடத்தில் ஒளித்து வைத்திருக்கிறார்கள், போலீசுக்குத் தெரியும் ஆனால் சொல்ல மாட்டார்கள். இந்த மாதிரி வழக்குகளை நான் பல வருடங்களாக விடாமல் படித்து வருகிறேன். ஒவ்வொரு முறையும் அதே கேள்விகள்தான் வருகின்றன, அதனால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கலாம் என்று தோன்றியது. தப்பிப்பது எப்படி என்று சொல்லித்தரும் பக்கம் இது இல்லை. நாம் ஊகித்ததற்கும் கடைசியில் தெரிய வந்ததற்கும் நடுவில் எவ்வளவு தூரம் இருந்தது, அந்த ஊகத்தால் யார் யார் அடிபட்டார்கள், இதைத்தான் இங்கே பேசப் போகிறேன்.

இந்நேரம் வெளிநாட்டுக்குப் போயிருப்பார், இல்லையா?

பெரும்பாலும் இல்லை. எனக்கே இது ஆரம்பத்தில் நம்பக் கஷ்டமாக இருந்தது, ஆனால் வழக்குக்கு வழக்கு அப்படித்தான் முடிகிறது.

2023 செப்டம்பர் 6 அன்று லண்டன் வாண்ட்ஸ்வொர்த் சிறையிலிருந்து டேனியல் காலிஃப் என்ற முன்னாள் ராணுவ வீரர் உணவு கொண்டுவந்த லாரியின் அடியில் தன்னைக் கட்டிக்கொண்டு வெளியேறினார். ஈரானுக்குத் தகவல் கொடுத்த குற்றச்சாட்டில் உள்ளே இருந்தவர் என்பதால் அவர் நேராக ஈரானுக்குத்தான் போவார் என்று உலகமே பேசியது, விமான நிலையங்களிலும் துறைமுகங்களிலும் சோதனை பலமானது. மூன்று நாள் கழித்து அதே லண்டனில், நார்த்தோல்ட் பகுதியில் ஒரு கால்வாய்க் கரைப் பாதையில் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தவரை மஃப்டியில் இருந்த ஒரு போலீஸ்காரர் கீழே தள்ளிப் பிடித்தார்.

2015 நவம்பர் பாரிஸ் தாக்குதலுக்குப் பிறகு தேடப்பட்ட சலா அப்தெஸ்லாம் சிரியாவுக்குப் போய்விட்டார் என்று நான்கு மாதம் பேசினார்கள். பிடிபட்டது பிரஸ்ஸல்ஸின் மொலன்பேக்கில், அவருடைய குடும்ப வீட்டிலிருந்து சில நூறு மீட்டர் தூரத்தில். சிசிலி மாஃபியா தலைவர் பெர்னார்டோ ப்ரொவென்சானோ 1963 முதல் 43 வருடம் தலைமறைவாக இருந்தார், செத்துப்போயிருப்பார் என்றே பலர் முடிவு கட்டியிருந்தார்கள். 2006 ஏப்ரலில் அவர் இருந்தது தன் சொந்த ஊரான கொர்லியோனேக்குப் பக்கத்தில் ஒரு பண்ணை வீட்டில். அவருக்கு அடுத்த தலைமுறையில் 30 வருடம் தேடப்பட்ட மத்தேயோ மெசினா டெனாரோ 2023 ஜனவரியில் பலெர்மோவில் புற்றுநோய் சிகிச்சைக்கு வந்த இடத்தில் சிக்கினார், வீடு எங்கே என்று பார்த்தால் பிறந்த ஊருக்குப் பக்கத்து ஊர்.

விதிவிலக்கே இல்லை என்று சொல்ல வரவில்லை. 1965-இல் அதே வாண்ட்ஸ்வொர்த் சிறையின் சுவரேறித் தப்பிய ரயில் கொள்ளையர் ரோனி பிக்ஸ் பாரிஸ், ஆஸ்திரேலியா, பிரேசில் என்று போய் 2001-இல் தானே திரும்பி வரும்வரை 36 வருடம் வெளியில் இருந்தார். 2024 மே மாதம் பிரான்ஸில் சிறை வாகனத்தைத் தாக்கி இரண்டு காவலர்களைக் கொன்று விடுவிக்கப்பட்ட மொஹமத் அம்ரா ஒன்பது மாதம் கழித்து ருமேனியாவின் புக்கரெஸ்ட்டில் பிடிபட்டார். இந்த இரண்டிலும் வெளியில் ஒரு கும்பலும் பணமும் தயாராகக் காத்திருந்தன. எல்லாத் தப்பித்தலையும் இந்த மாதிரிக் கதையாகவே நாம் நினைத்துக்கொள்வதுதான் தப்பு.

சொந்த ஊர்ப் பக்கமே ஏன் சுற்ற வேண்டும்? அது முட்டாள்தனமாகத் தெரிகிறதே?

வெளியிலிருந்து பார்க்கும் நமக்கு வரைபடம் முழுவதும் கண்முன் விரிகிறது. ஓடுகிறவருக்கு அடுத்த தெரு மட்டும்தான் தெரியும். கையில் பணம் கிடையாது, போன் கிடையாது, மாற்று உடை கிடையாது, பல வருடம் உள்ளே இருந்தவராக இருந்தால் உடம்பில் நடக்கும் தெம்பும் கிடையாது. கதவைத் தட்டினால் திறக்கக்கூடிய முகம் என்று அவருக்கு இருப்பது நாலைந்து பேர்தான், அவர்கள் இருப்பது பழைய ஊரில்தான். மாஃபியா தலைவர்கள் விஷயம் கொஞ்சம் வேறு, அவர்களுடைய அதிகாரமே அந்த மண்ணை விட்டால் செல்லாது.

இதற்கு நல்ல உதாரணம் 2015 ஜூனில் நியூயார்க் மாநிலத்தின் டானமோரா ஊரிலிருக்கும் கிளின்டன் சிறையிலிருந்து ரிச்சர்ட் மாட், டேவிட் ஸ்வெட் என்ற இரண்டு கொலைக் கைதிகள் தப்பியது. சிறைச் சுவரையும் இரும்புக் குழாயையும் அறுத்துக்கொண்டு போய் வெளியே சாலையில் இருந்த ஆள்நுழை குழி வழியாக எழுந்து வந்தார்கள். இவ்வளவு மூளை உள்ளவர்கள் மெக்சிகோ போய்ச் சேர்ந்திருப்பார்கள் என்று எல்லோரும் சொன்னார்கள். அவர்கள் திட்டமும் மெக்சிகோதான்! சிறைத் தையல் கூடத்தில் மேற்பார்வையாளராக இருந்த ஜாய்ஸ் மிட்செல் காரோடு வெளியில் நிற்பதாக ஏற்பாடு. அன்று இரவு அவர் பயந்துபோய் வரவில்லை. அவ்வளவுதான், மாதக்கணக்கில் போட்ட திட்டம் அந்த இடத்திலேயே முடிந்தது. அதற்குப் பிறகு நடந்தது மூன்று வாரம் கொசுவிலும் மழையிலும் காட்டில் தடுமாறியதுதான். மாட் குடிபோதையில் சுட்டுத் தன் இடத்தைத் தானே காட்டிக்கொடுத்து ஜூன் 26 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். இரண்டு நாள் கழித்து ஸ்வெட் கனடா எல்லைக்குச் சுமார் மூன்று கிலோமீட்டர் இருக்கும்போது, சாலையோரம் நடந்தவரை ஒரு போலீஸ் சார்ஜென்ட் தனியாகப் பார்த்துச் சுட்டுப் பிடித்தார்.

உள்ளேயிருந்து வெளியே வருவது ஒரு வேலை, வெளியே தாக்குப்பிடிப்பது முற்றிலும் வேறு வேலை. முதல் வேலையைத் திறமையாகச் செய்தவர் இரண்டாவதையும் அப்படியே செய்வார் என்று நாம் எடுத்துக்கொள்கிறோம்.

காட்டுக்குள் புகுந்துவிட்டால் பிடிக்கவே முடியாதாமே?

காலம் ஆகும், அது உண்மை. அட்லாண்டா ஒலிம்பிக்கில் குண்டு வைத்த எரிக் ருடால்ஃப் 1998 ஜனவரியில் வட கரோலைனா மலைக்காட்டுக்குள் போனார், ஐந்து வருடத்துக்கு மேல் கிடைக்கவில்லை. முன்னாள் ராணுவ வீரர், காட்டில் எதை வேண்டுமானாலும் தின்று வாழ்வார், குகைகளில் இருக்கிறார் என்று ஒரு பெரிய பிம்பம் வளர்ந்தது. 10 லட்சம் டாலர் சன்மானம் அறிவித்தும் ஆள் வரவில்லை. 2003 மே 31 அதிகாலை மர்ஃபி என்ற சிறு ஊரில் ஒரு மளிகைக் கடையின் பின்புறம் குப்பைத் தொட்டி பக்கத்தில் சாப்பாடு தேடிக்கொண்டிருந்தவரை, வேலையில் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாத 21 வயதுப் போலீஸ்காரர் ஒருவர் திருடன் என்று நினைத்துப் பிடித்தார். பிடித்தபோது அது யார் என்றே அவருக்குத் தெரியாது. ஐந்து வருடமும் ருடால்ஃபுக்குக் காடு மட்டும் சோறு போடவில்லை. தானியக் கிடங்குகளிலும் குப்பைத் தொட்டிகளிலும் எடுத்துத்தான் அவர் உயிரோடு இருந்தார்.

ஆஸ்திரேலியாவில் கொலை வழக்கில் தேடப்பட்ட மால்கம் நேடன் ஏழு வருடம் புதர்க்காடுகளில் மறைந்திருந்தவர். அவரும் ஆள் இல்லாத வீடுகளுக்குள் புகுந்து உணவு திருடித்தான் காலம் தள்ளினார், 2012 மார்ச்சில் ஒரு வீட்டில்தான் மாட்டினார். காட்டைத் தன் கைரேகைபோல அறிந்திருந்த வீரப்பனே கண் சிகிச்சைக்கு என்று நம்பி ஒரு ஆம்புலன்ஸில் ஏறி 2004 அக்டோபர் 18 இரவு பாப்பாரப்பட்டி பக்கத்தில் முடிந்துபோனார். பசி, நோய், மருந்து. காடு யாரை மறைத்தாலும் இந்த மூன்றும் ஒருநாள் மனிதர்கள் இருக்கும் பக்கம் இழுத்துக்கொண்டு வந்துவிடுகின்றன.

யாராவது உதவி செய்யாமல் இவ்வளவு நாள் இருக்க முடியுமா?

இது நியாயமான கேள்வி, ஆனால் இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

தப்பிக்கும்போது கிடைக்கும் உதவி ஒன்று. அது நிறைய வழக்குகளில் நிரூபணமாகியிருக்கிறது, அதுவும் உள்ளே சம்பளம் வாங்குகிறவர்களிடமிருந்து. மேலே சொன்ன டானமோரா வழக்கில் அறுக்கும் கருவிகள் இறைச்சிக்குள் ஒளித்து உள்ளே போயின. 2022 ஏப்ரலில் அமெரிக்காவின் அலபாமாவில் கேசி வைட் என்ற கைதியை வெளியே அழைத்துக்கொண்டு போனவர் அந்தச் சிறையின் உயர் அதிகாரியே. மெக்சிகோவில் போதைப்பொருள் கும்பல் தலைவர் எல் சாப்போ குஸ்மான் 2015 ஜூலையில் தப்பியது குளியல் இடத்தின் தரையிலிருந்து தொடங்கும் ஒன்றரை கிலோமீட்டர் சுரங்கம் வழியாக, அதற்குள் தண்டவாளத்தில் ஓடும் மோட்டார் சைக்கிள்கூட இருந்தது. இவ்வளவு தோண்டியும் யாருக்கும் சத்தம் கேட்கவில்லை என்றால் அதை நாம் கேள்வி கேட்கத்தான் வேண்டும்.

இரண்டாவது, தப்பிய பிறகு ஊர் மக்கள் உதவுகிறார்கள் என்ற ஊகம். இங்கேதான் நான் எல்லோரையும் கொஞ்சம் நிதானிக்கச் சொல்வேன். ருடால்ஃப் விஷயத்தில் அந்த மலை ஊர்க்காரர்கள் அத்தனை பேர் மீதும் ஐந்து வருடம் சந்தேகம் இருந்தது. வீரப்பன் தேடுதலில் அது சந்தேகத்தோடு நிற்கவில்லை. உதவினார்கள், சோறு போட்டார்கள், உளவு சொன்னார்கள் என்ற பேச்சின் மீது தமிழ்நாடு, கர்நாடக எல்லைக் கிராமங்களிலும் மலைவாழ் மக்களிடமும் அதிரடிப்படை நடந்துகொண்ட விதம் பற்றிப் புகார் மேல் புகார் எழுந்து, தேசிய மனித உரிமை ஆணையம் நீதிபதி சதாசிவா தலைமையில் விசாரணைக் குழு போட வேண்டி வந்தது. 2007-இல் 89 பேருக்கு இழப்பீடு கொடுக்கச் சொன்னது ஆணையம். காட்டில் இருந்தவர் துப்பாக்கியோடு வந்து அரிசி கேட்டால் கொடுக்காமல் இருக்க முடியாது, கொடுத்தால் மறுநாள் வேறு துப்பாக்கி வரும். இப்படி நடுவில் மாட்டிக்கொண்டவர்களை "அந்த ஊரே கூட்டு" என்று ஒரு வரியில் எழுதிவிட்டுப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது.

ஹெலிகாப்டர், ட்ரோன், வெப்பக் கேமரா, மோப்ப நாய்... இத்தனை இருந்தும் ஒரு ஆளைப் பிடிக்க ஏன் இவ்வளவு நாள்?

ஒரு வழக்கை முழுதாகச் சொல்கிறேன், அதில் எல்லாமே இருக்கிறது.

2023 ஆகஸ்ட் 31 காலை அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் செஸ்டர் கவுண்டி சிறை. கொலை வழக்கில் ஆயுள் தண்டனை பெற்றிருந்த டனேலோ கவல்கான்டே இரண்டு சுவர்களுக்கு நடுவில் கையையும் காலையும் ஊன்றி நண்டு மாதிரி மேலே ஏறிக் கூரை வழியாகப் போய்விட்டார். அதே வருடம் மே மாதம் இன்னொரு கைதி அதே இடத்தில் அதே மாதிரி ஏறித் தப்பியிருந்தார், அதற்குப் பிறகும் கோபுரத்தில் இருந்த காவலர் கவனிக்கவில்லை. எண்ணிக்கை சரிபார்க்கும்போதுதான் ஆள் குறைவது தெரிந்தது, அதற்குள் சுமார் ஒரு மணி நேரம் போய்விட்டது.

அப்புறம் நூற்றுக்கணக்கான போலீஸ், ஹெலிகாப்டர், நாய்கள், குதிரைகள். அவர் இருந்த பகுதியில் லாங்வுட் கார்டன்ஸ் என்ற பெரிய தோட்டமும் அடர்ந்த மரங்களும் புதர்களும், மேலே கடும் வெயில். வெப்பக் கேமரா சுவருக்குள்ளும் இலைக்கூட்டத்துக்குள்ளும் ஊடுருவிப் பார்க்கும் மாயக்கண் என்று பலர் நினைக்கிறார்கள். அது சுற்றுப்புறத்துக்கும் உடம்புக்கும் உள்ள வெப்ப வித்தியாசத்தைத்தான் காட்டும். பகல் வெயிலில் பாறையும் மண்ணும் தகரமும் எல்லாமே சூடாகக் கிடக்கும்போது, மேலே இலை மூடியிருக்கும்போது அந்த வித்தியாசம் மங்கிப்போகிறது. பிடிபட்ட பிறகு அவர் சொன்னதாக அதிகாரிகள் தெரிவித்தது இது: தேடியவர்கள் மூன்று முறை அவரைக் கிட்டத்தட்ட மிதித்துவிடும் தூரத்துக்கு வந்திருக்கிறார்கள். முதல் சில நாள் அவர் நகரவே இல்லை, ஒரு பண்ணையில் கிடைத்த தர்பூசணியைத் தின்றிருக்கிறார்.

பிறகு சுற்றிவளைப்பிலிருந்து ஒரு வேனைத் திருடிக்கொண்டு வெளியே போனார், தாடியை மழித்திருந்தார், பழைய பழக்கக்காரர்கள் வீட்டு வாசலில் போய் நின்றார். அங்கே அழைப்புமணிக் கேமராவில் முகம் பதிந்தது. ஒரு வீட்டுக் கொட்டகையிலிருந்து துப்பாக்கியை எடுத்தார். செப்டம்பர் 13 நள்ளிரவு வாக்கில் ஒரு வீட்டில் திருட்டு அலாரம் அடிக்க, இரவின் குளிர்ச்சியில் மேலே பறந்த விமானத்தின் வெப்பக் கேமராவில் ஒரு உருவம் தெரிந்தது. உடனே பிடிக்க முடிந்ததா என்றால் இல்லை, இடி மின்னல் வந்து விமானம் திரும்பிப்போக வேண்டியதாயிற்று. ஆட்கள் அந்த இடத்தைச் சுற்றி விடியும்வரை காத்திருந்தார்கள். காலை எட்டு மணிக்கு மேல் நெருங்கினார்கள், ஊர்ந்து போகப் பார்த்தவரை நாய் பிடித்துக்கொண்டது.

இரண்டு வாரமும் ஊரில் யாரும் தூங்கவில்லை. போலீஸ் சோம்பேறித்தனம் என்று எழுதித் தள்ளியவர்கள், புதருக்குள் குப்புறப் படுத்திருக்கும் ஒரு ஆளைக் கண்டுபிடிப்பது எப்படிப்பட்ட வேலை என்று ஒருமுறை யோசித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். தப்பவிட்டது பெரிய தவறு. தேடியது நேர்மையான உழைப்பு. இரண்டையும் சேர்த்துக் குழப்பக் கூடாது.

தண்ணீரில் இறங்கி நடந்தால் நாயால் பிடிக்க முடியாது என்கிறார்களே?

இந்த மாதிரி உத்திகளைப் பட்டியல் போட்டு விவாதிக்க எனக்கு விருப்பம் இல்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். மார்ட்டின் லூதர் கிங்கைக் கொன்ற ஜேம்ஸ் எர்ல் ரே 1977 ஜூனில் டென்னசியின் பிரஷி மவுன்டன் சிறையிலிருந்து தப்பி மலைக்குள் ஓடினார். 54 மணி நேரம் கழித்து, இலைக் குவியலுக்கு அடியில் படுத்திருந்த அவரைக் கண்டுபிடித்தவை இரண்டு மோப்ப நாய்கள்.

இத்தனை பேர் "நான் பார்த்தேன்" என்கிறார்களே, எல்லோருமா பொய் சொல்வார்கள்?

யாரும் பொய் சொல்வதில்லை. ஒரு முகத்தை நாள் முழுக்க டிவியில் காட்டினால் அந்தச் சாயல் உள்ள ஒவ்வொருவரும் அவராகவே தெரிவார்கள், மனித மனம் அப்படித்தான் வேலை செய்கிறது.

2019 ஜூலையில் கனடாவில் மூன்று கொலைகளுக்காகத் தேடப்பட்ட இரண்டு இளைஞர்களின் கார் மனிடோபாவின் கில்லம் அருகே எரிந்து கிடந்தது. அதற்குப் பிறகு அவர்களைப் பார்த்ததாகப் பல இடங்களிலிருந்து தகவல், பக்கத்து மாநிலமான ஒன்டாரியோவிலிருந்து மட்டும் சில நாட்களில் முப்பதுக்கு மேல். யார்க் லேண்டிங் என்ற சிற்றூரில் பார்த்ததாகச் சொன்னதும் படையே அங்கே போய் வீடு வீடாகத் தேடியது. ஆகஸ்ட் 7 அன்று எரிந்த காரிலிருந்து சுமார் எட்டு கிலோமீட்டரில், புதருக்குள் இருவரும் இறந்து கிடந்தார்கள். டானமோரா வழக்கிலும் இதுதான். 500 கிலோமீட்டர் தாண்டி ஃப்ரெண்ட்ஷிப் என்ற ஊரில் ரயில் பாதை ஓரம் பார்த்ததாக ஒரு தகவல் வர, அங்கே நூற்றுக்கணக்கானோர் வெயிலில் தேடிக்கொண்டிருந்த அதே சனி ஞாயிறில்தான் சிறைக்குப் பக்கத்துக் காட்டில் ஒரு மரக்குடிலில் அவர்கள் தங்கிய தடயம் கிடைத்தது.

தவறான அடையாளம் இன்னும் கசப்பாகவும் முடியும். பிரான்ஸில் தன் மனைவியையும் நான்கு பிள்ளைகளையும் கொன்றதாக 2011 முதல் தேடப்படும் சேவியர் டுபோன் டி லிகோனெஸ் கிளாஸ்கோ விமான நிலையத்தில் பிடிபட்டார் என்று 2019 அக்டோபரில் உலகம் முழுக்கத் தலைப்புச் செய்தி. மறுநாள் டிஎன்ஏ சோதனை சொன்னது, அவர் வேறு ஆள். மெசினா டெனாரோ என்று நினைத்து 2021 செப்டம்பரில் நெதர்லாந்தின் ஹேக் நகரத்து உணவகத்தில் ஆயுதப் போலீஸ் வளைத்துப் பிடித்தது கார் பந்தயம் பார்க்க வந்திருந்த ஒரு பிரிட்டிஷ்காரரை. சாப்பிட உட்கார்ந்த மனிதரைக் கண்ணைக் கட்டி உயர்பாதுகாப்புச் சிறைக்குக் கொண்டுபோனார்கள்.

போலீஸ் ஏன் எல்லாவற்றையும் சொல்வதில்லை? எதையோ மறைக்கிறார்களா?

ஓடுகிறவரும் செய்தி பார்க்கிறார், அதுதான் முக்கியக் காரணம். எந்தச் சாலையில் சோதனை, எந்தப் பக்கம் ஆள் குறைவு என்பதெல்லாம் வெளியே வந்தால் அது அவருக்கு வழிகாட்டி. 2013 ஏப்ரலில் பாஸ்டன் மாரத்தான் குண்டுவெடிப்புக்குப் பிறகு நடந்த தேடலில் போலீஸ் வயர்லெஸ்ஸை ஒட்டுக்கேட்டு ஆயிரக்கணக்கானோர் ட்விட்டரில் போட்டுக்கொண்டிருந்தார்கள், எந்த வீட்டில் சோதனை நடக்கிறது என்பதை வெளியிட்டுப் போலீசாரின் உயிருக்கு ஆபத்து தேடாதீர்கள் என்று பாஸ்டன் காவல்துறை கெஞ்ச வேண்டியிருந்தது.

இன்னொரு காரணமும் உண்டு. ஒரு சின்ன விவரத்தைக் கையில் வைத்துக்கொண்டால், வருகிற நூறு தகவலில் எது உண்மை என்று அதை வைத்துச் சலிக்கலாம். எல்லாம் வெளியே போய்விட்டால் கேட்டதையே திருப்பிச் சொல்கிறவர்களைப் பிரிக்க வழியில்லை. மறைப்பதில் தங்கள் தவறை மூடிக்கொள்வதும் கலந்திருக்கலாம், அது தனியாகக் கேட்கப்பட வேண்டியது, பிடித்த பிறகு விடாமல் கேட்க வேண்டியது.

நாமே இணையத்தில் தேடிக் கண்டுபிடிக்க முயன்றால் என்ன தப்பு?

அதே பாஸ்டன். கேமராவில் பதிந்த முகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து, அந்த நேரம் காணாமல் போயிருந்த ஒரு கல்லூரி மாணவர்தான் குற்றவாளி என்று இணையத்தில் முடிவு கட்டினார்கள். பிள்ளையைத் தேடிக்கொண்டிருந்த குடும்பத்துக்கு மிரட்டலும் வசவும் குவிந்தன. அந்தப் பையனுக்கும் குண்டுக்கும் சம்பந்தமே இல்லை, சில நாள் கழித்து அவர் உடல் ஆற்றில் கிடைத்தது, குண்டுவெடிப்புக்கு முன்பே இறந்திருந்தார். இதை எழுதும்போதும் எனக்கு மனசு ஆறவில்லை. மகன் எங்கே என்று தெரியாமல் தவித்துக்கொண்டிருந்த தாய் தகப்பனுக்கு அந்தச் சில நாள் எப்படி இருந்திருக்கும்!

ருடால்ஃப் வைத்த அட்லாண்டா குண்டு விஷயத்திலும் இது நடந்தது, இணையம் இவ்வளவு வளராத 1996-லேயே. பையைக் கண்டுபிடித்துக் கூட்டத்தை விலக்கிப் பல உயிர்களைக் காப்பாற்றிய காவலாளி ரிச்சர்ட் ஜுவல்தான் குண்டு வைத்தவர் என்று பத்திரிகைகள் எழுதின. 88 நாள் அவர் சந்தேகத்தின் நிழலில் வாழ்ந்தார். உண்மைக் குற்றவாளி அந்த நாட்களில் சுதந்திரமாகத் திரிந்துகொண்டிருந்தார், அதற்குப் பிறகும் குண்டு வைத்தார்.

அவரே வேண்டுமென்றுதான் மாட்டிக்கொண்டாராமே?

தொடர் கொலையாளி சார்லஸ் சோப்ராஜ் பற்றி இதை அடிக்கடி கேட்கிறார்கள். 1986 மார்ச்சில் பிறந்தநாள் என்று மயக்க மருந்து கலந்த இனிப்பைக் கொடுத்து திகார் சிறையிலிருந்து வெளியேறினார், ஏப்ரல் 6 அன்று கோவாவில் ஒரு உணவகத்தில் பிடிபட்டார். தாய்லாந்துக்கு அனுப்பப்பட்டால் மரண தண்டனை, அதைத் தவிர்க்க இந்தியாவில் தண்டனையை நீட்டிக்கொள்ளவே மாட்டினார் என்பது கதை. தாய்லாந்து வாரண்ட் காலாவதியானதால் அவருக்கு லாபம்தான், மறுக்கவில்லை. ஆனால் மும்பை இன்ஸ்பெக்டர் மதுகர் ஜெண்டேயும் அவருடைய ஆட்களும் அந்த உணவகத்தில் நாட்கணக்கில் காத்திருந்துதான் பிடித்தார்கள். பிடிபட்ட பிறகு தோல்வியைத் திட்டமாக மாற்றிச் சொல்வது சோப்ராஜ் மாதிரியான ஆளுக்கு மிகச் சுலபம், அதை நாம் அப்படியே வாங்கிக்கொள்ளத் தேவையில்லை.

இவ்வளவு நாள் போலீசுக்கு டிமிக்கி கொடுத்தவரை மெச்சாமல் இருக்க முடியவில்லையே?

புரிகிறது, ஒற்றை ஆள் ஒரு பெரிய படையை எதிர்த்து நிற்கிற மாதிரி ஒரு தோற்றம் வருகிறது. ருடால்ஃபை வாழ்த்தி டி-ஷர்ட் அச்சடித்து விற்றார்கள். 2010 ஜூலையில் இங்கிலாந்தின் ராத்பரியில் தேடப்பட்ட ரவுல் மோட்டைப் புகழ்ந்த ஃபேஸ்புக் பக்கத்தில் முப்பதாயிரம் பேருக்கு மேல் சேர்ந்தார்கள். அவர் சுட்டவர்களில் ஒருவர் இறந்தார், முன்னாள் காதலி படுகாயம் அடைந்தார், காரில் உட்கார்ந்திருந்த ஒரு போலீஸ்காரருக்குப் பார்வையே போனது. கவல்கான்டே தன் முன்னாள் காதலியை அவருடைய இரண்டு சிறு பிள்ளைகள் கண்முன் கொன்றவர், அவர் வெளியே இருந்த இரண்டு வாரமும் அந்தக் குடும்பம் போலீஸ் பாதுகாப்பில் இருந்தது. யாரை மெச்சுகிறோம் என்று எழுதும் முன் அந்தக் குடும்பமும் அதைப் படிக்கும் என்பது நினைவில் இருக்கட்டும்.

அப்படியானால் பிடிபடாதவர்களே கிடையாதா?

இருக்கிறார்கள். 1962 ஜூன் 11 இரவு அல்காட்ராஸ் தீவுச் சிறையிலிருந்து மழைக்கோட்டுகளை ஒட்டிச் செய்த தெப்பத்தில் போன ஃப்ராங்க் மாரிஸும் ஆங்லின் சகோதரர்கள் இருவரும் கரை சேர்ந்தார்களா, மூழ்கினார்களா என்று இன்றுவரை உறுதியாகவில்லை. அமெரிக்க மத்திய புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ 1979-இல் வழக்குக் கோப்பை மூடியது, தப்பியோடியவர்களைத் தேடும் அமெரிக்க மார்ஷல்கள் மூடவில்லை. இந்த ஒரு கதை இவ்வளவு பிரபலமாக இருப்பதற்குக் காரணமே இப்படி முடிவது அபூர்வம் என்பதுதான்.

சரி, கடைசியில் எப்படித்தான் பிடிபடுகிறார்கள்?

அடிக்கடி யாரோ ஒரு சாதாரண ஆளின் கண்ணில்தான். கேசி வைட் வழக்கில் இண்டியானாவில் ஒரு கார் கழுவுமிடத்து மேலாளர், யாரோ விட்டுப்போன வண்டியைப் பார்த்து உறுத்தலாகி கேமராப் பதிவை ஓட்டிப் பார்த்தார், அங்கிருந்து நூல் பிடித்தது. பாஸ்டன் ரவுடி வைட்டி பல்ஜர் 16 வருடம் கிடைக்கவில்லை, ஐரோப்பாவில் பார்த்ததாகவெல்லாம் சொன்னார்கள். 2011 ஜூனில் எஃப்பிஐ ரூட்டை மாற்றி, அவரோடு போன பெண்மணியின் படத்தை, பெண்கள் அதிகம் பார்க்கும் பகல் நேர நிகழ்ச்சிகளில் விளம்பரமாகப் போட்டது. இரண்டே நாளில் கலிஃபோர்னியாவின் சான்டா மோனிகாவில் இருவரும் சிக்கினார்கள். அக்கம்பக்கத்தில் இருந்த ஒருவர், தெருப்பூனைக்குச் சாப்பாடு வைக்கும் அந்த அம்மாவை அடையாளம் கண்டு போன் செய்திருந்தார். சுவருக்குள் எட்டு லட்சம் டாலருக்கு மேல் பணமும் முப்பது துப்பாக்கிகளும் இருந்தன.

நானே பார்த்த மாதிரி இருந்தால் என்ன செய்ய வேண்டும்?

கிட்டே போகாதீர்கள், பின்தொடராதீர்கள், படம் எடுத்துக் குழுக்களில் போடாதீர்கள். இடம், நேரம், உடை, எந்தத் திசை என்பதை மனதில் வைத்துக்கொண்டு அவசர எண்ணுக்கோ தேடுதலுக்கென்று அறிவித்த எண்ணுக்கோ உடனே பேசுங்கள். உறுதியில்லை என்றால் உறுதியில்லை என்றே சொல்லுங்கள், சலிப்பது அவர்கள் வேலை. பார்த்ததை மட்டும் சொல்லுங்கள், அவராகத்தான் இருக்கும் என்ற உங்கள் முடிவைச் சேர்க்க வேண்டாம்.

2013 ஏப்ரல் 19 மாலை, பாஸ்டன் பக்கத்து வாட்டர்டவுனில், மாரத்தானில் குண்டு வைத்தவரைத் தேடுவதற்காக நாள் முழுக்க யாரும் வெளியே வரக் கூடாது என்றிருந்த கட்டுப்பாட்டைத் தளர்த்தினார்கள். வீட்டுக்குள்ளேயே அடைந்துகிடந்த ஒருவர் காற்று வாங்க வெளியே வந்தார். கொல்லையில் நிறுத்தியிருந்த படகின் மூடுதுணி ஒரு பக்கம் தளர்ந்திருந்தது அவருக்கு உறுத்தியது. ஏணி வைத்து ஏறி எட்டிப் பார்த்தார், உள்ளே ரத்தம், அப்பால் ஒரு ஆள் சுருண்டு கிடந்தான். அவர் சத்தம் போடவில்லை, இரண்டாம் முறை எட்டிப் பார்க்கவில்லை. ஏணியிலிருந்து இறங்கி வீட்டுக்குள் போய் போனை எடுத்தார்.